நூலகர் ஆன கணக்கு சார்



சமூக அறிவியல் சார் 1924-ல் காவிரியில் வந்த பெருவெள்ளம் பற்றி எழுதி வரச் சொன்னாங்க. ராத்திரி அம்மா வேலையிலிருந்து வந்ததும் போனை வாங்கி 'காவிரி'ன்னு போட்டுத் தேடினேன். பாட்டு வந்துச்சு, சினிமா வந்துச்சு, ஓட்டல்கூட வந்துச்சு. வெள்ளம் மட்டும் வரலை! அதுக்குள்ள சார்ஜ் தீர்ந்துபோச்சு.

தேடுறவங்களோட இந்தக் கஷ்டத்தைப் போக்கவே வாழ்ந்த ஒருவரைப் பற்றி இன்று பார்ப்போம். அவர்தான் சீர்காழி இராமாமிருத ரங்கநாதன். 'இந்திய நூலகத்துறையின் தந்தை' என்று போற்றப்படுபவர்.

1892-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதிலேயே அப்பாவை இழந்தார். பேசும்போது வாய் திக்கும். ஆனாலும் சென்னை கிறித்துவக் கல்லூரியில் கணிதம் படித்து, மங்களூர், கோவை, சென்னை கல்லூரிகளில் கணக்கு ஆசிரியராகவே வேலை பார்த்தார்!

1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். முதலில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. பாடம் நடத்தவே திரும்பப் போறேன்னு கேட்டார். லண்டன் போய் நூலகப் படிப்பு படித்து வாருங்கள், அப்புறமும் பிடிக்கலைன்னா பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே சுமார் நூறு நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அதோடு அவர் மனம் மாறிவிட்டது.

லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே தகடு, அதே நட்டு, அதே போல்ட்டை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை வரும். புத்தகத்தையும் இப்படிப் பகுதி பகுதியாகப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது.

தஞ்சாவூரில் நெல்லுக்கு வந்த நோய் பற்றி ஒரு புத்தகம் இருக்குன்னு வைங்க. அதை எந்த அலமாரியில் வைப்பது? விவசாயத்திலா, நோயிலா, தஞ்சாவூரிலா? அவர் அதை எதைப் பற்றி, என்ன நடந்தது, எங்கே, எப்போது என்று பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு கொடுத்து, நடுவில் முக்காற்புள்ளி வைத்தார். அதுதான் 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. அதற்கு முன்பே, 1931-ல், நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதி வெளியிட்டார். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதும் அதில் ஒன்று.

இன்று இணையக் கடையில் சுடிதார் தேடினால் அளவு, நிறம், விலைன்னு ஓரத்தில் பிரித்துக் காட்டுகிறதே, அதுவும் அவர் சொன்னது போன்ற பிரிப்புதான்!

நானும் மறுநாள் அவர் மாதிரியே பிரித்தேன். காவிரி, வெள்ளம், திருச்சி, 1924. ஐந்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. போன் மாறலை, என் கேள்விதான் மாறியது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. கேட்டால் நாலு வரியில் பதிலே எழுதித் தருகிறது. நேரம் மிச்சம்தான். ஆனால் சில சமயம் தப்பையும் சரி மாதிரியே சொல்லும். எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்று பார்க்காவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்? ரங்கநாதன் புத்தகத்தைத் தேடி எடுத்து வாசகர் கையில் கொடுக்கத்தான் பாடுபட்டார். படித்து முடிவு செய்வது நம் வேலை.

அவர் உழைப்பால் 1948-ல் சென்னை பொது நூலகச் சட்டம் வந்தது. அதனால்தான் நம் வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள்! அப்படின்னா ஊர் நூலகம் நம்ம காசுல நடக்குது. நாமதான் போறதில்லை.

1957-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1972 செப்டம்பர் 27-ல் பெங்களூரில் மறைந்தார். அவர் நினைவாக ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

தோழிகளே, போனில் தேடுங்கள், வேண்டாம்னு சொல்லலை. கேள்வியைப் பிரித்துத் தேடுங்கள். கிடைத்த பதில் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். சனிக்கிழமை நான் நூலகம் போகிறேன். யார் கூட வர்றீங்க?

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி