கும்பலின் வரவு செலவை எழுதியவர்

மோட்டார் சைக்கிளில் வலம்வரும் போதைப்பொருள் கும்பல், அதைத் துரத்தும் காவல் அதிகாரிகள் - இன்றைய அமெரிக்கக் குற்றப் புதினங்களில் இது பழகிப்போன கதைக்களம். கும்பலின் தலைவன் பிடிபடுவதோடு பல கதைகள் முடிந்துவிடுகின்றன. அந்தக் கும்பலை ஊருக்குள் அழைத்துவந்தவர் யார், அதை வாழவைக்கும் சந்தை எது என்ற கேள்விகளை ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே எழுப்பியவர் டாஷியல் ஹாமெட். மதுவிலக்கின் பொருளாதாரத்தை நடத்தும்போதெல்லாம் பாடநூலுடன் அவருடைய ‘ரெட் ஹார்வெஸ்ட்’ புதினத்தையும் மாணவர்களுக்கு நான் பரிந்துரைத்ததுண்டு.

1894இல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்த ஹாமெட், குடும்ப வறுமையால் பதின்ம வயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்தினார். சில்லறை வேலைகள் பலவற்றுக்குப் பிறகு, 1915இல் பிங்கர்ட்டன் தனியார் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார். திருடர்களைத் தேடுவது மட்டும் அந்நிறுவனத்தின் தொழில் அன்று; சுரங்க, ஆலை முதலாளிகளுக்காக வேலைநிறுத்தங்களை முறியடிக்கவும் அது ஆள் அனுப்பியது. சட்டத்தின் பெயரால் இயங்கும் வலிமைக்கும் விலை உண்டு என்பதை ஹாமெட் அங்கேதான் கண்டார். 1918இல் ராணுவத்தில் சேர்ந்தவரை முதலில் விஷக்காய்ச்சலும் பின்னர் காசநோயும் தாக்கின. துப்பறியும் வேலைக்கு உடல் இடம்கொடுக்காத நிலையில், சான் பிரான்சிஸ்கோவில் மனைவி, குழந்தையைக் காக்க மலிவுவிலை இதழ்களுக்குக் கதை எழுதத் தொடங்கினார்.

1920இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1929இல் ‘ரெட் ஹார்வெஸ்ட்’ நூலாக வெளியானது. ஒரு சுரங்க நகரம். அதைத் தன் உடைமையாகவே கருதும் முதலாளி. தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை ஒடுக்க அவர் அடியாட்களை வரவழைக்கிறார். வேலை முடிந்தபின் அவர்கள் திரும்பிப் போவதில்லை. கள்ளச் சாராயம், சூதாட்டம் என நகரத்தையே பங்கு போட்டுக்கொள்கிறார்கள். காவல் துறைத் தலைவரும் அதில் ஒரு பங்காளி. விசாரிக்க வரும் துப்பறிவாளர் கும்பல்களை ஒன்றோடொன்று மோதவிடுகிறார். அந்த ரத்தவெறி தன்னையும் தொற்றுவதை உணர்கிறார்.

இதில் பொருளியல் எங்கே இருக்கிறது? தடையால் தேவை முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. வழங்குவோர் குறைய, பிடிபடும் அபாயத்துக்கான கூலியும் விலையில் ஏறுகிறது. சட்டவிரோத வணிகத்தில் ஒப்பந்தம் மீறப்பட்டால் நீதிமன்றம் போக முடியாது. எனவே துப்பாக்கி தீர்ப்பளிக்கிறது. கையூட்டு, வாடகையைப் போல ஒரு வழக்கமான செலவாகிறது. வரைபடங்களால் நாங்கள் விளக்குவதை ஹாமெட் மனிதர்களைக் கொண்டு விளக்கினார்.

‘மால்டிஸ் ஃபால்கன்’ (1930) அவருக்குப் பெரும்புகழ் தந்தது. 1934இல் வெளியான ‘தின் மேன்’ கடைசிப் புதினமானது. மதுச் சந்தையின் தீமையை எழுதியவரை மதுவே பல ஆண்டுகள் ஆட்கொண்டிருந்தது. ஹாலிவுட்டில் ஈட்டிய பணமும் கரைந்தது. ஆனாலும் 1942இல், நாற்பத்தெட்டு வயதில், மீண்டும் ராணுவத்தில் சேர்ந்து அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் பணியாற்றினார்.

1951இல் அவருக்குச் சோதனை வந்தது. இடதுசாரிகளுக்கான பிணைத்தொகை நிதிக்குப் பணம் தந்தவர்களின் பெயர்களைச் சொல்லுமாறு நீதிமன்றம் கேட்டது. மறுத்துச் சிறை சென்றார். பின்னர் வருமான வரி நிலுவைக்காக அவருடைய வருவாயும் முடக்கப்பட்டது. 1961 ஜனவரி 10 அன்று வறுமையில் இறந்த அவர், முன்னாள் படைவீரர் என்ற உரிமையில் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

எத்தனை கிலோ பிடிபட்டது, எத்தனை பேர் கைதானார்கள் என்பதையே இன்றும் போதைப்பொருள் ஒழிப்பின் அளவுகோலாகக் கொள்கிறோம். ஒரு கும்பல் சிக்கினால் சரக்கின் விலை ஏறி, மற்றொரு கும்பலின் லாபம் பெருகலாம். முதலீடு யாருடையது, கண்டும் காணாதிருக்கக் கூலி பெறுபவர் யார் என்பதையும் விசாரணை தொட வேண்டும். ஹாமெட்டின் புதினத்தில் கும்பல்கள் அழிகின்றன. இறுதியில் நகரம், அவற்றை அழைத்துவந்த அதே முதலாளியின் கைக்கே திரும்புகிறது.