மனோராவைக் கட்டிய மன்னர் சரபோஜி



பட்டுக்கோட்டைப் பக்கம், மல்லிப்பட்டினத்துக்கு அருகே கடலோரத்தில் நிற்கும் மனோராவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அறுகோண வடிவில் எட்டு அடுக்குக் கோபுரம். அது எதற்காகக் கட்டப்பட்டது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்ல நாம் சற்றுத் தயங்குவோம். பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் ஆங்கிலேயரிடம் வீழ்ந்ததன் நினைவாக 1814-15ல் கட்டியது என்பதுதான் விடை. எங்கோ ஐரோப்பாவில் நடந்த போருக்கு நம் நெல் நாட்டில் ஏன் நினைவுச்சின்னம்? கட்டியவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அது புரியும்.

இரண்டாம் சரபோஜி 1777ல் பிறந்தவர். வாரிசு இல்லாத தஞ்சை மன்னர் துளஜா, 1787ல் அவரைத் தத்தெடுத்தார். அதே ஆண்டில் மன்னர் காலமானார். பையனுக்குப் பத்து வயதுகூட முழுதாகவில்லை. மன்னரின் சகோதரர் அமர்சிங் தத்து செல்லாது என்று சொல்லி அரியணையைப் பிடித்துக்கொண்டார். பையனை அரண்மனைக்குள்ளேயே ஏறக்குறையச் சிறை வைத்தார். ஒழுங்காகப் படிக்கவும் விடவில்லை. அவனுக்குத் துணையாக நின்றவர் ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ். 1793ல் பையனைப் பாதுகாப்பாகச் சென்னைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தவரும் அவரே. அங்கே சரபோஜி ஆங்கிலமும் அறிவியலும் கற்றார்.

1798ல் ஆங்கிலேயர் அமர்சிங்கை இறக்கிவிட்டுச் சரபோஜியை அரியணையில் அமர்த்தினார்கள். அதைப் பார்க்க ஷ்வார்ட்ஸ் இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். பட்டத்துக்கு வந்த மறு ஆண்டே, 1799 அக்டோபரில், ஒப்பந்தம் ஒன்று நீட்டப்பட்டது. நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினிக்கு. மன்னருக்குத் தஞ்சைக் கோட்டை, ஆண்டுக்கு ஒரு லட்சம் ஸ்டார் பகோடா, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. 22 வயதில் கிட்டத்தட்ட ஓய்வூதியம் வாங்குபவராகிவிட்டார்! ஓய்வு பெற்ற நம்மைப் போன்றவர்களுக்கு அந்த நிலைமை கொஞ்சம் புரியும். பதவியின் பெயர் இருக்கும். கையெழுத்துக்கு மதிப்பு இருக்காது.

இதே நேரத்தில் பிரான்சில் என்ன நடந்தது என்று பாருங்கள். துப்பாக்கி வந்த பிறகு ஐரோப்பியக் குதிரைவீரர்கள் இரும்புக் கவசத்தைப் பெரும்பாலும் கழற்றிவிட்டிருந்தார்கள். பிரெஞ்சுக் கனரகக் குதிரைப்படையில் ஒரே ஒரு படைப்பிரிவுதான் அதை விடாமல் வைத்திருந்தது. நெப்போலியன் 1801 முதல் 1803க்குள் பன்னிரண்டு படைப்பிரிவுகளுக்குக் கவசம் மாட்டினார். மார்புக்கு ஒரு தகடு, முதுகுக்கு ஒரு தகடு. இரண்டையும் தோளிலும் இடுப்பிலும் வாரால் இணைப்பார்கள். எடை சுமார் 7, 8 கிலோ. வாள்வெட்டைத் தாங்கும், தூரத்திலிருந்து வரும் துப்பாக்கிக் குண்டையும் தாங்கலாம். பீரங்கியை மட்டும் தாங்காது. 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் இந்தக் கவசக் குதிரைப்படை ஆங்கிலேயரின் சதுர வியூகங்கள் மீது திரும்பத் திரும்பப் பாய்ந்தும் உடைக்க முடியவில்லை. அந்தப் போரில் பீரங்கிக் குண்டு மார்பிலிருந்து முதுகு வரை துளைத்துச் சென்ற ஒரு கவசம் இன்றும் பாரிஸ் ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரபோஜியின் முன்னோரும் குதிரைமேல் வந்தவர்கள்தான். சிவாஜியின் தம்பி ஏகோஜி மராத்தியக் குதிரைப்படையோடு வந்து தஞ்சையைப் பிடித்த வழியில்தான் இந்த வம்சம் வந்தது. 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, திருப்பி அனுப்பிய படையும் இவர்களுடையதே. சரபோஜியிடம் அப்படிப் படை இல்லை. நெப்போலியன் வீரர்களுக்கு இரும்பு அணிவித்த அதே 1803ல், இவர் தம் வம்சத்தின் போர்க்கதையைப் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் பொறித்து வைத்தார். வாள் போனது, வரலாறாவது நிற்கட்டும் என்று நினைத்தார் போலும்.

மிச்சமிருந்த பணத்தை என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். நாயக்கர் காலத்திலிருந்து வந்த சரஸ்வதி மகால் நூலகத்தைப் பெருக்கினார். ஐரோப்பாவிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் வரவழைத்தார். அவற்றில் பிரெஞ்சுப் புத்தகங்களும் உண்டு. அரண்மனையில் தேவநாகரி அச்சகம் நடத்தினார். தன்வந்திரி மகாலில் நம் மருத்துவத்தையும் மேனாட்டு மருத்துவத்தையும் சேர்த்து ஆராயச் செய்தார். கண் நோயாளிகளின் விவரங்கள், கண்ணின் வண்ணப் படத்தோடு எழுதி வைக்கப்பட்டன. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தில் சாப்பாட்டோடு படிப்பும் வைத்தியமும் கிடைத்தன. 1820ல் பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை போனவர், அங்கிருந்தும் சுவடிகளைச் சேகரித்து வந்தார். 1832ல் மறைந்தார்.

இப்போது மனோராவுக்கு வருவோம். தம் நாட்டை எடுத்துக்கொண்டவர்களின் வெற்றிக்குக் கோபுரம் கட்டினாரே, இது துதிதானே என்று நீங்கள் கேட்கலாம். அதில் நியாயம் இருக்கிறது. கட்டிய பணமும் நம் டெல்டா விவசாயிகளின் வியர்வைதான். ஆனால் கும்பினி ஒரு கையெழுத்தில் அவரை இறக்கியிருக்க முடியும். அமர்சிங்குக்கு அதுதானே நடந்தது? நூலகத்தையும் சத்திரத்தையும் காப்பாற்ற அவரிடம் இருந்த ஒரே கவசம் அந்த நட்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கவசமும் நிரந்தரமில்லை. 1855ல் அவர் மகன் சிவாஜி மறைந்ததும், ஆண் வாரிசு இல்லையென்று கும்பினி அரசையே முடித்துவிட்டது. அரண்மனை ஆயுதங்களில் பல சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. புத்தகங்கள் மட்டும் தஞ்சையிலேயே தங்கின. 1918 முதல் அந்த நூலகம் பொதுமக்களுக்கு உரியது.

அடுத்த முறை ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், பெரிய கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். அரண்மனைக்குள் சரஸ்வதி மகால் காட்சிக்கூடத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிறகு மனோரா போனால், கடற்காற்றோடு இந்தக் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.