பிளாஸ்மிட்களுக்குப் பதிவேடு வைத்த எஸ்தர் லெடர்பெர்க்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் 1986 வரை ஒரு பதிவேட்டைப் பராமரிக்கும் பொறுப்பை எஸ்தர் லெடர்பெர்க் என்ற பெண் விஞ்ஞானி வகித்தார். உலகின் பல ஆய்வுக்கூடங்கள் பாக்டீரியாக்களிலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்மிட்களின் பெயர்கள் அதில் பதியப்பட்டன.

பாக்டீரியாவின் குரோமோசோமுக்கு வெளியே இருந்துகொண்டு, தனித்துப் பெருகக்கூடிய சிறு டிஎன்ஏ துண்டே பிளாஸ்மிட் எனப்படுகிறது. பெரும்பாலும் வளைய வடிவில் காணப்படும் இது, ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது.

வறுமையில் தொடங்கிய பயணம்

எஸ்தர், 1922 டிசம்பர் 18ஆம் தேதி நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஏழை யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அறிவியல் துறையில் பெண்களுக்கு எதிர்காலம் இல்லை என்று ஆசிரியர்கள் எச்சரித்தும், அவர் மரபியலையே தேர்ந்தெடுத்தார். ஸ்டான்ஃபர்டில் படித்தபோது, வீட்டு உரிமையாளரின் துணிகளைத் துவைத்துக் கொடுத்து அந்த வீட்டில் தங்கினார்.

1946இல் முதுகலைப் பட்டம் பெற்ற அவர், அதே ஆண்டு நியூஜெர்சியில் பிறந்த விஞ்ஞானியான ஜோஷுவா லெடர்பெர்க்கை மணந்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1950இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஈ-கோலி பாக்டீரியாவுக்குள் மறைந்து வாழும் லாம்ப்டா என்ற வைரஸை அவர் கண்டறிந்தார். 1951இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு மூலக்கூறு உயிரியலின் அடிப்படைகளில் ஒன்றானது. சில பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபுப் பொருளைப் பரிமாறிக்கொள்ள இயலாமல் போவதை ஆராய்ந்தபோது, அந்தப் பரிமாற்றத்துக்குக் காரணமான எஃப் காரணி வெளிப்பட்டது. இந்த எஃப் காரணி ஒரு பிளாஸ்மிட் என்பதும், பாக்டீரியாவின் மேற்பரப்பில் மெல்லிய இழைகளை உருவாக்கி அவற்றின் மூலம் அடுத்த செல்லைப் பற்றிக்கொள்ள வைக்கிறது என்பதும் பின்னாளில் தெரியவந்தன.

பாக்டீரியாத் தொகுதிகளை வெல்வெட் துணியில் ஒற்றியெடுத்து, வேறு தட்டுகளில் அதே வரிசையில் பதிக்கும் முறையையும் தம்பதியர் 1952இல் வெளியிட்டனர். மருந்தைச் சந்திப்பதற்கு முன்பே சில பாக்டீரியாக்களிடம் எதிர்ப்புத்திறன் இருப்பதை இம்முறை தெளிவாக்கியது.

பரிசும் பதவியும்

பாக்டீரியாக்களின் மரபணுச் சேர்க்கை குறித்த ஆய்வுகளுக்காக ஜோஷுவாவுக்கு 1958இல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அதன் தொடக்கமான 1946ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு திருமணத்துக்கு முந்தையது. ஆனால் அதைத் தொடர்ந்த பணிகளில் எஸ்தரின் பங்கு பெரிது. அது கணவரின் நிழலிலேயே மறைந்துபோனது.

அடுத்து இருவரும் ஸ்டான்ஃபர்ட் சென்றபோது, ஜோஷுவா மரபியல் துறையின் தலைவரானார். பெண்களுக்கு ஆசிரியர் பணியிடங்கள் மறுக்கப்படுவதை எதிர்த்து முறையிட்ட எஸ்தருக்கோ நிரந்தர உரிமையற்ற பதவியே கிடைத்தது. 1960களில் அவர்களது மணவாழ்வும் முடிவுக்கு வந்தது.

பெயரில் என்ன இருக்கிறது?

இந்த நிலையில்தான் பிளாஸ்மிட் பதிவேட்டின் பொறுப்பை அவர் ஏற்றார். 1973இல் ஸ்டான்ஃபர்டின் ஸ்டான்லி கோஹனும் சான் பிரான்சிஸ்கோவின் ஹெர்பர்ட் போயரும் பிளாஸ்மிட் வழியாக மரபணுக்களை வெட்டி ஒட்டிக் காட்டியிருந்தனர். ஆய்வுகள் பெருகியபோது, இரண்டு ஆய்வுக்கூடங்கள் வெவ்வேறு பிளாஸ்மிட்களுக்கு ஒரே பெயரைச் சூட்டிவிடும் அபாயம் எழுந்தது. ஆய்வுக்கூடங்களுக்குத் தனித்தனி முன்னெழுத்துகளை ஒதுக்கி, அந்தக் குழப்பத்தை எஸ்தரின் மையம் தவிர்த்தது.

பிளாஸ்மிட்களை அடையாளம் காண்பது ஆய்வாளர்களின் வசதிக்காக மட்டுமல்ல என்பதைப் பிந்தைய நிகழ்வுகள் உணர்த்தின. பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கப்பட்ட மனித இன்சுலினுக்கு 1982இல் அமெரிக்கா அனுமதியளித்தது. அதைச் சாத்தியமாக்கியவை பிளாஸ்மிட்கள். மறுபுறம், வலிமையான மருந்துகளையும் முறியடிக்கும் என்டிஎம்-1 மரபணு, சென்னை உள்ளிட்ட இடங்களில் சேகரிக்கப்பட்ட கிருமிகளில் இருந்ததாக லான்செட் மருத்துவ இதழ்களில் ஒன்று 2010இல் ஆய்வு வெளியிட்டது. அந்த மரபணுவும் பெரும்பாலும் பிளாஸ்மிட்களிலேயே காணப்பட்டது. எந்தப் பிளாஸ்மிட் எங்கிருந்து எங்கு பரவுகிறது என்று தடம் காண, பொதுவான பெயர்முறை இன்றியமையாதது.

2006 நவம்பர் 11ஆம் தேதி ஸ்டான்ஃபர்டில் தமது 83ஆவது வயதில் எஸ்தர் காலமானார். அவரது பங்களிப்பு அறிவியல் வரலாற்றில் பரவலாகப் பேசப்பட்டது பெரிதும் அவரது மறைவுக்குப் பின்னர்தான்.