ஒளி வைத்தியர் நீல்ஸ் பின்ஸன்

நம் திருப்பூர்ப் பக்கத்தில் துணியை வெளுத்து வெயிலிற் காயவைத்தல் பழைய வழக்கம். நோயாளியின் பாய் தலையணைகளையும் நம் பாட்டிமார் வெயிலிலேயே இடுவர். வெயிலுக்குக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டென்பதை 1877-ம் ஆண்டில் டௌன்ஸ், பிளண்ட் என்னும் ஆங்கிலேயர் இருவர் சோதனையாற் காட்டினர். அவ்வொளியைக் கொண்டே நோய் தீர்க்க முற்பட்டவர் நீல்ஸ் பின்ஸன். அவர்தம் சரிதத்தைச் சுருக்கி ஈண்டு வரைகின்றோம்.

வெயில் அருகிய வடகடலிலுள்ள பரோத் தீவுகளில் 1860-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 15-ம் நாள் இவர் பிறந்தார். டென்மார்க்கில் இவர் பயின்ற பள்ளியின் தலைவர், இவர் நல்லுள்ளம் படைத்தவரெனினும் திறமை குறைந்தவர் என்று கருதினார். (தேர்வுத் தாள்களை எதிர்நோக்கி நிற்கும் நமக்கு இச்செய்தி சற்று ஆறுதல் தருவதே.) பின்னர் ஐஸ்லாந்திற் பயின்று, கோப்பன்ஹேகன் சர்வகலாசாலையில் 1890-ல் வைத்தியப் பட்டம் பெற்றார்.

மாணவராயிருந்த 1883-ம் ஆண்டளவிலேயே தீராப் பிணியொன்று அவரைப் பற்றியது. ஈரலையும் இருதயத்தையும் சூழ்ந்த சவ்வுகள் நாளடைவில் தடித்தன. வயிற்றில் நீர் கோத்தது. இருண்ட அறையில் வாழ்ந்து சோர்வுற்ற அவர், வெயிலை நாடினால் உடல் தேறுவதை உணர்ந்தார். நிழல் வந்து சேருந்தோறும் வெயிலை நோக்கி நகர்ந்த பூனையொன்றைக் கண்டதும் அவர் சிந்தையைத் தூண்டிற்று என்பர்.

அக்காலத்தில் தோலைப் பற்றும் க்ஷயம் முகத்தையும் மூக்கையும் அரித்தது. நோயுற்றோர் பிறர்முன் வரவும் நாணி ஒதுங்கினர். 1895-ல் பின்ஸன் மின்சார வில்விளக்கின் ஒளியை வில்லைகளாற் குவித்து, நீரால் அதன் வெப்பத்தை மாற்றிப் புண்ணின்மேற் செலுத்தினார். இரத்தம் ஒளியை விழுங்குமாதலால், புண்ணை அழுத்தி இரத்தத்தை விலக்குதலும் வேண்டியிருந்தது. சிறு இடத்திற்கே ஒரு மணி நேரம் ஆகும். சிகிச்சையோ பல மாதம் நீளும். எனினும் முகங்கள் ஆறின. 1896-ல் ஒளிச் சிகிச்சை நிலையம் எழுந்தது.

கிருமியைக் கொன்றது புறஊதாக் கதிரே என நெடுநாள் எண்ணினர். 2005-ல் டேனிஷ் ஆராய்ச்சியாளர் அப்பழைய கருவிகளை அளந்தபோது, 340 நானோமீட்டருக்குக் குறைந்த கதிர்கள் அவற்றைக் கடக்கவில்லை எனக் கண்டனர். கிருமியினுள் இருந்த போர்பிரின் என்னும் பொருள் ஒளிபட்டு, அக்கிருமியையே அழித்திருக்கலாம் என்பது அவர்கள் முடிபு. இந்நாளில் நீரையும் பரப்புகளையும் தூய்மை செய்யும் பாதரச விளக்கின் கதிர் ஏறத்தாழ 254 நானோமீட்டர் அளவினது. அது கண்ணையும் தோலையும் ஊறுபடுத்தும். நிழல் விழுந்த இடத்திற் பயன்படாது. மடித்த பனியனின் உள்மடிப்பில் ஒளிந்த கிருமியை அஃது என் செய்யும்?

1903-ல் வைத்தியத்திற்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நாற்காலியை விட்டெழ இயலாத அவர் அதனைப் பெற ஸ்டாக்ஹோம் செல்லவில்லை. பரிசின் பெரும்பகுதியைத் தம் நிலையத்திற்கும், இருதய ஈரல் நோயாளர்க்கான விடுதிக்கும் ஈந்தார். அப்போதும் தாம் உண்பதையும் பருகுவதையும் நிறுத்து எழுதிவந்தார். உடலில் உப்புச் சேர்தலைப் பற்றித் தம் நோயையே சான்றாகக்கொண்டு அவர் எழுதிய கட்டுரை 1904-ல் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 24-ம் நாள், தமது 43-ம் வயதில் அவர் காலமானார்.