சூரியனைப் பார்த்துக் கண்ணைத் தொலைத்தவர் எழுதிய ஒளிக்கணக்கு

இரவில் தெரிந்த நட்சத்திரம் பகலிலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதன் ஒளியும் குறைவதில்லை. பின்னாலிருக்கும் வானம்தான் வெளுத்துவிடுகிறது. பின்னணி கூடக்கூடக் கண்ணின் உணர்திறன் எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போட்டவர்களில் முதன்மையானவர் குஸ்தாவ் ஃபெக்னர்.

1801இல் ஜேர்மன் கிராமமொன்றில் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். லைப்சிக்கில் மருத்துவம் படித்தாலும் மனம் பௌதிகவியலில் நின்றது. பிரெஞ்சுப் பாடநூல்களை மொழிபெயர்த்துப் பிழைத்தவர், 1834இல் அங்கேயே பேராசிரியரானார்.

பிரகாசமான ஒன்றைப் பார்த்தபின் கண்ணுக்குள் நிற்கும் பின்விம்பங்களை ஆராய, நிறக் கண்ணாடிகளூடாகச் சூரியனையே உற்றுப் பார்த்தார். கடும் உழைப்பால் ஏற்கனவே களைத்திருந்த உடல் அதைத் தாங்கவில்லை. 1840 அளவில் ஒளியே வேதனையானது. பதவியை விட்டார். கண்களைக் கட்டிக்கொண்டு சுமார் மூன்று ஆண்டுகள் இருட்டறையில் கிடந்தார். வாசிக்க முடியவில்லை, உணவும் இறங்கவில்லை. குடும்பத்துக்குத் தெரிந்த பெண்ணொருவர் கனவில் கண்டதாகச் சொல்லி, எலுமிச்சைச் சாறும் வைனும் சேர்த்துத் தயாரித்துக் கொடுத்த பன்றியிறைச்சிதான் வயிற்றில் தங்கிய முதல் உணவாம். 1843 ஒக்டோபரில் கட்டை அவிழ்த்துத் தோட்டத்துக்கு வந்தபோது பூக்கள் உள்ளிருந்தே ஒளிர்வதாக அவருக்குத் தோன்றியது. தாவரங்களுக்கும் ஆன்மா உண்டென்று 1848இல் ஒரு நூலே எழுதினார். சக அறிஞர்கள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை.

1850 ஒக்டோபர் 22ஆம் திகதி காலை, படுக்கையில் இருந்தபோது அந்த எண்ணம் வந்தது: உணர்வு ஒவ்வொரு படி கூடவும் ஒளி குறிப்பிட்ட விகிதத்தால் பெருகவேண்டும். பத்து மெழுகுவர்த்தி எரியும் இடத்தில் ஒன்றைக் கூட்டினால் தெரியும் வித்தியாசம், நூறு எரியும் இடத்தில் தெரிய பத்தைக் கூட்டவேண்டும். மின்சாரமில்லாத ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வானத்திலும் பரிசோதித்தார். மட்டுமட்டாகப் பிரித்தறியக்கூடிய இரண்டு மேகச் சாயல்களைத் தேர்ந்து, பிறகு அவற்றைச் சாம்பல்நிறக் கண்ணாடியூடாகப் பார்த்தார். இரண்டுமே மங்கின, ஆனால் வித்தியாசம் முன்போலவே தெரிந்தது. மைத்துனர் ஃபோல்க்மனோடு நிழல்களை வைத்துச் செய்த சோதனையில், பின்னணி ஒளியின் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு கூடினால் கண் அதைக் கண்டுகொண்டது.

1860இல் இவையெல்லாம் இரண்டு பாகங்களாக நூலாகின. மிக மங்கலிலும் கண்கூசும் வெளிச்சத்திலும் விதி பிசகுவதையும் அவர் அறிந்திருந்தார். 1887இல் லைப்சிக்கில் காலமானார். ஒக்டோபர் 22ஐ இத்துறை ஆய்வாளர்கள் இன்றும் ஃபெக்னர் நாள் என்கிறார்கள்.