அன்னை சாரதாதேவி: வழிபடப்பட்ட பெண்ணும் வாழ்ந்த பெண்ணும்

மன்னார்க் கரையில் வளர்ந்தவர்களுக்குத் தாயைத் தெய்வமாகக் கும்பிடுவது புதிதன்று. மாந்தையில் கேதீச்சரநாதருடன் கௌரி அம்பாள் இருக்கிறாள். பேசாலையில் வெற்றிநாயகி இருக்கிறாள். ஒல்லாந்தர் காலத்தில் அதே மாந்தைப் பக்கத்திலிருந்து காட்டுக்குள் கொண்டுபோகப்பட்ட மாதா மடுவில் இருக்கிறாள். 2008 சித்திரையில் அவளும் நம்மைப்போல் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய்த் திரும்பினாள். ஓகஸ்ட் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகும் பேருந்தில் திருநீறு பூசிய நெற்றிகளையும் காணலாம். நம் வகுப்பறைகளிலும் இரண்டு பிரார்த்தனைகளைக் கேட்டு வளர்ந்தோம். இரண்டிலும் அம்மா என்ற சொல் வந்தது.

ஆனால் அம்மனுக்குப் பூச்சூட்டும் கைகள் வீட்டுப் பெண்ணுக்கு என்ன செய்கின்றன என்பது வேறு விடயம். அந்த விடயத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் சாரதாதேவி. கணவரே தேவியாக இருத்திப் பூசித்த பெண் அவர். பின்னொரு காலத்தில் உப்பில்லாமல் சோறு உண்ட பெண்ணும் அவரே.

சாரதாமணி 1853 டிசம்பர் 22ஆம் திகதி வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில் உள்ள ஜயராம்பாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை இராமச்சந்திர முகோபாத்தியாயர், தாய் சியாமசுந்தரி. அந்தணக் குடும்பம்தான், ஆனால் வசதி இல்லை. மூத்த பிள்ளை என்பதால் தம்பிமாரைப் பார்ப்பது, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி மாட்டுக்குப் புல் அறுப்பது, வயலில் வேலை செய்வோருக்குப் பொரி கொண்டுபோவது எல்லாம் அவர் பொறுப்பு. 1864இல் பெரும் பஞ்சம் வந்தது. தந்தையார் சேர்த்து வைத்திருந்த நெல்லை எடுத்து, பருப்போடு பெரிய பானைகளில் காய்ச்சி, வந்தவர்க்கெல்லாம் ஊற்றினார். பசியோடு வந்தவர்கள் கொதிக்கும் கஞ்சியில் கைவைத்துச் சுட்டுக்கொள்ளாதபடி, பத்து வயதுச் சாரதா இரு கைகளாலும் விசிறியைப் பிடித்து வீசிக்கொண்டு நின்றார். பிற்காலத்தில் உலகம் அவரை அன்னை என்று அழைத்ததற்கான காரணத்தைச் சமாதியிலும் காட்சிகளிலும் தேடுவோர் உண்டு. எனக்கு அந்த விசிறியே போதும்.

1859இல், ஐந்து வயதில், அடுத்த ஊரான காமார்புகூரைச் சேர்ந்த இருபத்து மூன்று வயது இராமகிருஷ்ணருக்கு அவரை மணமுடித்து வைத்தார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. பெண் பெற்றோருடனேயே இருந்தார்; மாப்பிள்ளை கல்கத்தாவுக்கு வடக்கே, கங்கைக் கரையில் இருந்த தட்சிணேஸ்வரம் காளி கோயிலில் பூசகராக இருந்தார். காலப்போக்கில் ஊரில் ஒரு பேச்சுப் பரவியது: சாரதாவின் கணவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். பெண்கள் குளத்தடியில் இரக்கப்பட்டுப் பேசினார்கள். அந்த இரக்கம் எப்படிக் குத்தும் என்பது நமக்குத் தெரியும். 1872இல், பதினெட்டு வயதில், நேரில் பார்த்துவிடுவதென்று தந்தையோடு நடந்தே புறப்பட்டார். சுமார் 60 மைல். வழியில் கடும் காய்ச்சல். அந்தக் காய்ச்சல் இரவில் கறுத்த நிறமுடைய ஒரு பெண் அருகில் வந்திருந்து தலையைத் தடவியதாகவும், தான் தட்சிணேஸ்வரத்திலிருந்து வரும் சகோதரி என்று சொன்னதாகவும் அவர் பின்னர் கூறினார். கோயிலை அடைந்தபோது கணவர் பைத்தியமாக இல்லை. அக்கறையோடு வரவேற்று வைத்தியம் பார்த்தார்.

அதன்பின் வந்த ஒரு வைகாசி அமாவாசை, பலஹாரிணி காளி பூசை இரவு. கோயிலில் காளிக்குப் பூசை நடக்க, இராமகிருஷ்ணர் தம் அறையில் கோலமிட்ட பலகையை வைத்து, தேவிக்குரிய அந்த இருக்கையில் சாரதாவை அமர்த்தினார். ஷோடசி என்னும் திரிபுரசுந்தரியாக ஆவாகனம் செய்து முறைப்படி பூசித்தார். முடிவில் தம் செபமாலையையும் அதுவரை செய்த சாதனைகளின் பலனையும் அவர் பாதத்தில் வைத்து வணங்கினார். சக்தி வழிபாட்டு நூல்கள் பெண்ணைத் தேவியின் வடிவமென்று சொல்வது பழைய செய்தி. சொன்னதைத் தன் மனைவியிடத்திலேயே, கதவைச் சாத்திக்கொண்டு, பார்ப்பதற்கு ஆளில்லாத இரவில் ஒருவர் செய்தார் என்பதுதான் இங்கே அரிது. அவர்கள் துறவிகளாகவே வாழ்ந்தார்கள்.

மறுநாள் காலை அந்தத் தேவி அடுப்படிக்குத்தான் போனார். கோயில் தோட்டத்தில் நகபத் என்னும் இசைக்கூடம் இன்றும் நிற்கிறது. அதன் கீழறை ஏறத்தாழ 50 சதுர அடி. எண்கோண வடிவம், வாசல் மிகத் தாழ்வு. உள்ளே போகும்போது தலை இடிக்கும். அதற்குள்தான் அரிசி, பாத்திரம், உறி, மீன் போட்ட பானை, விருந்துக்கு வந்த பெண்கள், சாரதா எல்லாரும். மேல் தளத்தில் மாமியார். அதிகாலை மூன்று மணிக்கு, ஆள் நடமாட்டத்துக்கு முன், கங்கையில் குளித்துவிட்டு வந்தால் பிறகு பகல் முழுதும் வெளியே வர வழியில்லை. சுற்றியிருந்த ஓலைத் தட்டியில் விழுந்த சிறு துவாரத்தின் வழியாகக் கணவரின் அறையில் நடக்கும் பாட்டையும் ஆட்டத்தையும் நின்று பார்த்தார். அப்படி நின்று நின்றே காலில் வாதம் பிடித்தது.

படிப்பின்மீது அவருக்கிருந்த ஆசையைப் பழைய மாணவியரான நாம் தனியே கவனிக்க வேண்டும். சிறுமியாக இருந்தபோது எழுத்துக் கற்கும் புத்தகத்தை வைத்திருந்தார். கணவரின் மருமகன் ஹிருதயர் அதைப் பறித்துவிட்டார். பெண்பிள்ளை படித்தால் பிறகு நாவல் வாசிக்கத் தொடங்கிவிடுவாளாம். சாரதா விடவில்லை. இன்னொரு பிரதி வாங்கினார். தட்சிணேஸ்வரத்தில் கங்கையில் குளிக்க வரும் ஒரு பெண்ணிடம் பாடம் கேட்டு, கூலியாகக் கோயில் தோட்டத்துக் கீரையைக் கொடுத்தார். வாசிக்க வந்தது; இராமாயணம் வாசித்தார். எழுதப் பழகவில்லை.

தெலோ–பேலோ வெளியில் நடந்ததை ஜயராம்பாடிப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். கள்வர் பயமுள்ள வெளி அது. கூட வந்தவர்கள் விரைந்து நடக்க, கால் தளர்ந்த சாரதா பின்தங்கி இருளில் தனித்துப் போனார். கையில் தடியோடு, கறுத்த பெரிய உருவமாக ஒருவன் வழிமறித்தான். அவர் அவனை அப்பா என்று அழைத்தார். வழி தவறிவிட்டதையும், மருமகன் தட்சிணேஸ்வரத்தில் இருப்பதையும் ஒரு மகள் சொல்வதுபோலச் சொன்னார். பின்னால் வந்த அவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கணவனும் மனைவியும் அவருக்கு உணவு கொடுத்து, உறங்க வைத்து, காவல் இருந்தார்கள். விடிந்ததும் வயலில் பறித்த பச்சைப் பட்டாணியைச் சேலைத் தலைப்பில் முடிந்துவிட்டு அழுதுகொண்டே பிரிந்தார்கள். பின்னர் தட்சிணேஸ்வரத்துக்கு வந்து மருமகனையும் பார்த்தார்கள்.

1886 ஓகஸ்ட் 16இல் இராமகிருஷ்ணர் மறைந்தார். சாரதாவுக்கு முப்பத்திரண்டு வயது. வழக்கப்படி வளையலைக் கழற்றப் போனபோது கணவர் தோன்றித் தடுத்ததாக அவர் உணர்ந்தார். மெல்லிய கரையிட்ட சேலையும் கையில் வளையலுமாகவே மீதி வாழ்வைக் கழித்தார். சொல்வதற்கு இது ஒரு வரி. அக்காலத்து வங்கக் கிராமத்தில் ஓர் அந்தண விதவை அப்படி நடமாடுவது என்னவென்று, நம் ஊர்க் கல்யாண வீடுகளில் பின்வரிசையில் ஒதுங்கி நிற்கும் பெண்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். காமார்புகூரில் வாய்கள் சும்மா இருக்கவில்லை. கோயிலிலிருந்து வந்த மாதம் 7 ரூபாயும் நிறுத்தப்பட்டது. எவரிடமும் கை நீட்டக்கூடாது என்று கணவர் சொல்லியிருந்ததால், தானே மண்ணைக் கொத்திக் கீரை போட்டு, நெல்லுக் குற்றி, சோற்றையும் கீரையையும் உண்டார். சில நாட்களில் உப்பும் இல்லை. அவரைத் தாயென்று பின்னர் போற்றிய சீடர்கள் அப்போது ஊர் ஊராகத் தவம் செய்துகொண்டிருந்தார்கள். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. செய்தி தெரியவந்ததும் அவர்கள் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்தார்கள். துறவிகளோடு போய் இருப்பதா என்று ஊர் மறுபடி பேசியது, அவர் போனார்.

அதற்குப் பிறகு அவர் சொல்லைக் கேட்காமல் பெரிய காரியம் எதுவும் அந்தக் கூட்டத்தில் நடக்கவில்லை. 1893இல் விவேகானந்தர் அமெரிக்கா செல்லுமுன் கடிதம் எழுதி ஆசி பெற்றார். 1901இல் பேலூர் மடத்தில் துர்க்கா பூசை தொடங்கியபோது சங்கற்பம் சாரதாவின் பெயரிலேயே செய்யப்பட்டது. உயிர்ப்பலி வேண்டாம் என்ற அவர் விருப்பமும் நிறைவேறியது. 1898இல் மார்கரெட் நோபிள் என்ற ஐரிஷ் பெண், பின்னாளில் நிவேதிதா, வேறு இரு மேனாட்டுப் பெண்களோடு அவரைப் பார்க்க வந்தபோது, அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து உண்டார். சாதி ஆசாரம் பார்த்த ஒரு கிராமத்து விதவை செய்த காரியம் இது. அந்த ஆண்டு நவம்பர் 13, காளி பூசை நாளில், கல்கத்தா பாக்பஜாரில் நிவேதிதா தொடங்கிய பெண்கள் பாடசாலையைச் சாரதாதேவியே பூசை செய்து திறந்துவைத்தார். அங்கே படித்த இரண்டு மதராஸ் பெண்கள் இருபது வயது தாண்டியும் மணமுடிக்காமல் கற்பதை வியந்து பேசி, எட்டு வயதில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தம் நாட்டு வழக்கத்தை நொந்துகொண்டார். தம்பி மகள் ராதுவை அயலில் இருந்த மிஷனரிப் பள்ளிக்கு அனுப்பினார். பெரியபிள்ளையாகிவிட்டாளே என்று வீட்டிலிருந்த ஒருவர் மறித்தபோதும் நிறுத்தவில்லை.

ராதுவைப் பற்றிச் சொல்லாமல் அவர் தாய்மையைப் பற்றிச் சொல்ல முடியாது. சாரதா பெறவில்லை. மகளுக்குப் பிள்ளை இல்லையே என்று சியாமசுந்தரி அழுதபோது, அம்மா என்று அழைப்போர் தொகையைத் தாங்க முடியாத நாள் வருமென்று இராமகிருஷ்ணர் ஆறுதல் கூறியிருந்தார். ஆனால் மடியில் கிடந்தது ராதுதான்: தந்தை இறந்தபின் பிறந்த குழந்தை, தாயோ மனநிலை குலைந்தவர். அந்தத் தாய் ஏசினார், அடிக்கவும் வந்தார். ராது வளர்ந்து நோயாளியாகி, பிடிவாதமும் எரிச்சலும் மிகுந்தவளானாள். சொத்துக்காகச் சண்டை பிடிக்கும் தம்பிமார் வேறு. உலகின் தாய் என்று பூப்போட வந்தவர்கள் இந்த இரைச்சலுக்கு நடுவில்தான் அவரைக் கண்டார்கள். போர்க்காலத்தில் அக்காவின் பிள்ளைகளையும் அண்ணனின் பிள்ளைகளையும் ஏற்று வளர்த்த பெண்கள் நம் வகுப்புகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வீடு அந்நியமாக இராது.

சிரோமணிப்பூர் அம்ஜத் என்ற முஸ்லிம், வழிப்பறிக்குப் பேர்போனவர், ஜயராம்பாடியில் வீடு கட்டும் வேலைக்கு வந்திருந்தார். அவருக்கு உணவு பரிமாறிய மற்றொரு தம்பி மகள் நளினி தூர நின்று எறிவதைக் கண்ட சாரதா, தாமே பரிமாறினார். உண்ட இடத்தையும் தாமே துடைத்தார். சாதி போய்விட்டதென்று நளினி கத்தினாள். சரத் என்ற பெரிய துறவி எப்படித் தம் மகனோ, அம்ஜத்தும் அப்படியே என்பதுதான் அவர் கொடுத்த மறுமொழியின் பொருள்.

நம் கரைக்கு மிக அருகில் அவர் வந்தது 1911இல். சென்னை மடத்தை நடத்திய சுவாமி இராமகிருஷ்ணானந்தரின் அழைப்பில் சென்னையில் தங்கி, மதுரை மீனாட்சியைத் தரிசித்து, இராமேஸ்வரம் போனார். பாம்பன் புகையிரதப் பாலம் 1914இல்தான் திறக்கப்பட்டது. தலைமன்னார்க் கப்பலும் அதே ஆண்டில்தான். ஆகவே மண்டபத்திலிருந்து கடல்வழியே கடந்தார். சேதுபதி மன்னரின் உத்தரவால் கருவறைக்குள் சென்று, சீதை மணலில் பிடித்ததாகச் சொல்லப்படும் இலிங்கத்தை 108 பொன் வில்வ இலைகளால் அருச்சித்தார். அரண்மனைப் பொக்கிஷத்தைத் திறந்துகாட்டி விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தமக்கொன்றும் வேண்டாமென்றார், ராது ஏதும் கேட்டுவிடுவாளோ என்று உள்ளூரப் பயந்துகொண்டிருந்தார். ராது தன் பென்சில் தொலைந்துவிட்டதென்று ஒரு பென்சில் கேட்டாள். தமிழ் ஒரு சொல்லும் அறியாமலே தமிழர் பலருக்கு அவர் மந்திர தீட்சை கொடுத்தார். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் இராமகிருஷ்ணானந்தரும் ஒக்டோபரில் நிவேதிதாவும் இறந்தார்கள். இரண்டு பிள்ளைகளை இழந்தார்.

கடைசி ஆண்டுகள் பெரும்பாலும் ஜயராம்பாடிக்கும் கல்கத்தாவில் சாரதானந்தர் கடன்பட்டுக் கட்டிய வீட்டுக்கும் இடையே கழிந்தன. நோய் உடலைத் தின்றது. இறுதியில் ராதுவின்மீதிருந்த பற்றையும் எடுத்துவிட்டார். அவளை ஊருக்கு அனுப்பிவிடச் சொன்னார், அவள் குழந்தை தவழ்ந்து வந்தபோதும் மனம் இளகவில்லை. பக்கத்தில் இருந்த பெண்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் அச்சமூட்டியது. 1920 ஜூலை 20ஆம் திகதி நள்ளிரவு கழிந்து ஒன்றரை மணிக்கு உயிர் பிரிந்தது. பேலூரில் கங்கைக் கரையில் தகனம் செய்த இடத்தில் அடுத்த ஆண்டு கோயில் எழுந்தது.

ஆண் துறவிகளின் மடத்துக்குக் கீழ்ப்படாத, பெண்களே நடத்தும் மடம் ஒன்று வேண்டுமென்று விவேகானந்தர் அவரை மனத்தில் வைத்துத் திட்டமிட்டிருந்தார். அது 1954 டிசம்பரில் ஸ்ரீ சாரதா மடமாக அமைந்தது. பேலூருக்கு எதிர்க்கரையில், நகபத்திலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில். நிவேதிதாவின் பாடசாலையை இப்போது நடத்துபவர்கள் அந்த மடத்தைச் சார்ந்த துறவுப் பெண்கள்.