சிறுமலரின் தாயார்

சமையலும் வீட்டு வேலையும் தையலும் ஒன்றாகத் தலையில் விழும் நாட்களில், தாய்மாரே, பிரான்சு நாட்டு அலன்சோன் நகரின் செலி மார்ட்டினைச் சற்று நினைத்துப் பாருங்கள். குழந்தை இயேசுவின் புனித தெரேசாவைப் பெற்றவர் இவரே. 2015இல் கணவரோடு ஒன்றாகப் புனிதராக உயர்த்தப்பட்டார்.

1831இல் பிறந்த செலி, கன்னியர் மடத்தில் சேர விரும்பி, ஏற்றுக்கொள்ளப்படாமல் றேந்தைத் தொழிலில் இறங்கினார். அலன்சோன் றேந்தை ஊசியால் மட்டுமே செய்யப்படுவது. ஒரு சதுர சென்றிமீற்றருக்கு ஏறத்தாழ 7 மணி நேரம் செல்லும். பெண்கள் தம் வீடுகளில் சிறு துண்டுகளாகத் தைத்து, வியாழக்கிழமைகளில் கொண்டுவருவார்கள். தையல் தெரியாதபடி அவற்றை இணைப்பது செலியின் வேலை. தைக்கத் தெரிந்தவர்களுக்கு அதன் சிரமம் விளங்கும்.

1858இல் மணிக்கூடு திருத்தும் லூயி மார்ட்டினை மணந்தார். ஒன்பது பிள்ளைகள், நால்வர் சிறுவயதிலேயே இறந்தனர். விடியற்காலைப் பூசை, பிள்ளைகளின் சாப்பாடு, உடுப்பு, பின்பு சாளரத்தருகே ஊசி; படுக்க வெகுநேரமாகும். வேலைக்காரப் பெண் நோயுற்றால் அவளையும் தாமே பராமரித்தார். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சுமந்தார் என்று எண்ணவேண்டாம். களைப்பையும் சலிப்பையும் கடிதங்களில் ஒளிக்காமல் எழுதினார். 1870இல் லூயி தம் கடையை விட்டு மனைவியின் தொழிலுக்குத் துணைநின்றார். அக்காலத்தில் எத்தனை கணவர் அப்படிச் செய்திருப்பர்?

1876இல், மார்பிலிருந்த கட்டியைக் குணமாக்க முடியாதென்று வைத்தியர் கூறினார். மறு ஆண்டு யூனில் மூத்த பெண்கள் மூவருடன் லூர்துக்குப் போனார், சுகம் கிடைக்கவில்லை. ஓகஸ்ட் 28இல், 45ஆம் வயதில் மரித்தார். கடைக்குட்டி தெரேசாவுக்கு அப்போது நாலரை வயது.